அழைப்பவர் இலக்கமும் வாசிப்பவர் அடையாளமும்: கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

செய்தியைக் கொண்டு செல்பவன் அதனை அனுப்புபவனைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கலாம், அறிந்ததனை யாருக்குச் சொல்லலாம் என்னும் வினா புதியதன்று. அஞ்சற்காரனும் தந்திக் கந்தோர் எழுதுவினைஞனும் இருந்த காலத்திலேயே இவ்வினா எழுந்தது. அதற்கு விடையாகச் சட்டங்களும் தோன்றின. கடிதவுறையின் மேலே விலாசம் எழுதப்பட்டிருத்தல் வேண்டும், உள்ளே இருப்பதனை எவரும் பார்த்தலாகாது என்ற எளிய உடன்பாடு நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. அனுப்புபவர் தம் பெயரை உறையின் மேல் எழுதுவதும் எழுதாது விடுவதும் அவர் விருப்பம். அஞ்சற் கந்தோர் தானாகவே அவருடைய பெயரை எழுதி அனுப்புவதில்லை.

கையடக்கத் தொலைபேசி வழியாக இணையத்தை வாசிப்போர் விடயத்தில் இவ்வுடன்பாடு மீறப்பட்டது. 1990களின் இறுதி தொடக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, உலகின் பல நாடுகளிலே தொலைபேசிக் கம்பனிகள் சில, தம் வாடிக்கையாளர் பார்வையிட்ட இணையத்தளங்களுக்கு அவர்தம் தொலைபேசி இலக்கத்தையோ அதற்கு ஈடான நிலையான அடையாளக் குறியையோ அவர் அறியாத வகையில் அனுப்பி வந்தன. செய்தித்தாள்கள் இதனைப் பெரும்பாலும் ‘கசிவு’ என்றே எழுதின. கசிவு என்னும் சொல் பாத்திரம் பழுதுபட்டமையைக் குறிப்பதாகும். ஆனால் இவ்வரலாற்றை முதலிலிருந்து நோக்குமிடத்து, பாத்திரம் பழுதுபடவில்லை, துளையுடனேயே வனையப்பட்டது என்பது புலனாகின்றது. அதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதை இணையத்தில் தொடங்கவில்லை. சாதாரண வீட்டுத் தொலைபேசியில் தொடங்குகின்றது. 1980களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே அழைப்பவரின் இலக்கத்தை அழைக்கப்படுபவருக்குக் காட்டும் சேவை அறிமுகமாயிற்று. 1987இல் நியூ ஜேர்சி பெல் கம்பனி இதனைத் தொடக்கியது. இன்று எமக்கு இது மிகச் சாதாரணமான வசதி. மணி அடிக்கும்போதே யார் அழைக்கின்றார் என்று பார்த்துவிடுகின்றோம். ஆனால் அன்று அது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பித் தங்ககம் ஒன்றிலே வாழும் பெண் தன் பிள்ளைகளுடன் பேச வீட்டுக்கு அழைத்தால், அவள் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடாதா? தற்கொலை எண்ணத்துடன் ஆலோசனை நிலையத்தை அழைப்பவர், தம் இலக்கம் அங்கே தெரியுமென்றால் அழைப்பாரா? இத்தகைய வினாக்கள் மாநிலந்தோறும் விசாரணை மன்றுகளில் எழுப்பப்பட்டன. பென்சில்வேனியாவில் நீதிமன்றம் 1990இல் இச்சேவை மாநிலத்தின் ஒட்டுக்கேட்டல் தடைச் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்த்தது; 1992இல் மாநில உயர் நீதிமன்றமும் அம்முடிவை உறுதிப்படுத்தியது. ஈற்றில் நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் இணக்கம் 1995இல் ஏற்பட்டது. அழைப்பவர் நட்சத்திரக் குறியையும் 67 என்னும் இலக்கத்தையும் முதலில் அழுத்தினால் அவருடைய இலக்கம் மறைக்கப்படும்; அதற்குக் கட்டணம் அறவிடுதல் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியமும் 1997 டிசெம்பரில் நிறைவேற்றிய பணிப்புரையிலே இவ்வுரிமையை இலவசமாகவும் எளிய முறையிலும் வழங்குதல் வேண்டுமென விதித்தது.

இவ்விணக்கத்திலே ஒரு விதிவிலக்கு இருந்ததனை மறத்தலாகாது. அழைப்பின் செலவை அழைக்கப்படுபவரே ஏற்கும் கட்டணமில்லா இலக்கங்களை நடத்திய வணிக நிலையங்களுக்கு, அழைப்பவரின் இலக்கம் அவர் மறைக்க முயன்றாலும் சென்றது. பணம் செலுத்துபவன் யாருக்காகச் செலுத்துகின்றான் என்பதை அறிதல் வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்நியாயம் பின்னர் வேறோர் இடத்திலே பெரிய உருவெடுத்ததனைக் காண்போம்.

ஐரோப்பா அப்பணிப்புரையை நிறைவேற்றிய அதே 1997ஆம் ஆண்டில், ஜூன் மாதத்திலே, எரிக்சன், மொட்டரோலா, நோக்கியா, அன்வயர்ட் பிளனற் ஆகிய நான்கு கம்பனிகள் ஒன்றுகூடி, கையடக்கத் தொலைபேசியில் இணையத்தைப் பார்ப்பதற்கான பொது விதிமுறையை வகுக்கும் மன்றமொன்றை அமைத்தன. ‘வாப்’ என்ற பெயரால் அவ்விதிமுறை அறியப்பட்டது. அக்காலத் தொலைபேசிகளின் திரை நான்கைந்து வரிகளுக்கு மேல் காட்டாது. வலையமைப்பின் வேகமோ செக்கனுக்கு 9.6 கிலோபிற் அளவினதே. எனவே தொலைபேசி நேரடியாக இணையத்தளத்துடன் பேசாது. கம்பனியின் நிலையத்திலுள்ள ‘நுழைவாயில்’ என்னும் கணினி அதன் சார்பிற் பேசி, பக்கத்தைப் பெற்று, சுருக்கி, தொலைபேசிக்கு ஏற்ற வடிவிலே திருப்பி அனுப்பும்.

இந்நுழைவாயில் என்ன செய்தது என்பதை விளங்கிக்கொள்ள, இணையக் கோரிக்கை ஒன்றின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, ‘இப்பக்கத்தைத் தருக’ என்ற வரியோடு வேறு சில வரிகளும் செல்கின்றன. எந்த மொழியை விரும்புகின்றோம், எவ்வகைக் கருவியால் வாசிக்கின்றோம் என்பன போன்ற விபரங்கள் அவற்றில் இருக்கும். இவற்றைத் தலைப்பு வரிகள் என்பர். குறியாக்கம் செய்யப்படாத கோரிக்கையாயின், வழியிலே நிற்கும் எந்தக் கணினியும் புதியதொரு தலைப்பு வரியைச் சேர்த்துவிடலாம். வாசிப்பவரின் திரையில் அது தோன்றாது. தளத்தை நடத்துபவருக்கு மட்டுமே தெரியும். கடிதம் தபாற்பெட்டியில் இடப்பட்ட பின்னர், வழியிலே ஒருவர் உறையின் பின்புறத்தில் எழுதிவிடுவது போன்றதாகும் இது.

நுழைவாயில்கள் அவ்வாறு எழுதிய வரிகளுள் ஒன்றின் பெயர் ‘எக்ஸ்-யூபீ-கோலிங்-லைன்-ஐடி’ என்பதாகும். யூபீ என்பது அன்வயர்ட் பிளனற் கம்பனியின் முதலெழுத்துக்கள். எஞ்சிய பகுதி, வீட்டுத் தொலைபேசியில் அழைப்பவர் இலக்கத்தைக் காட்டும் சேவைக்கு வழங்கிய அதே பெயராம். பெயரே வரலாற்றைச் சொல்கின்றது. பத்தாண்டுக் காலம் நீதிமன்றங்களிலும் ஆணைக்குழுக்களிலும் வழக்காடி வரையறுக்கப்பட்ட ஒரு சேவை, அவ்வரையறைகள் யாவற்றையும் பின்னே விட்டுவிட்டு, பெயரை மட்டும் கொண்டு இணையத்தினுள் புகுந்தது. மறைப்பதற்கு அழுத்தத்தக்க பொத்தான் எதுவும் அங்கே இருக்கவில்லை. குரலால் அழைப்பவருக்கு இருந்த உரிமை கண்ணால் வாசிப்பவருக்கு இல்லாது போயிற்று. இதற்கு எவரும் சதி செய்தனர் என்று யாம் கூறவில்லை. இணையத்தை வாசித்தலும் ஒருவகை ‘அழைப்பு’ என்று பொறியியலாளர் எண்ணினர். அதனை அவ்வாறு எண்ணவேண்டிய சட்டவல்லுநர் எண்ணவில்லை. அவ்வளவே.

கம்பனிகளுக்கு இலக்கம் ஏன் வேண்டியிருந்தது? பணத்துக்காக. மணியோசைப் பாடல், சிறு படம், கிரிக்கெற் முடிவு, சோதிடம் ஆகியவற்றை விற்போருக்கு, வாடிக்கையாளர் கடனட்டை எதுவுமின்றி ஒரு பொத்தானை அழுத்தியே வாங்குவதும், விலை மாதாந்தத் தொலைபேசிப் பட்டியலிற் சேர்வதும் பெருவாய்ப்பாக அமைந்தது. அதற்கு வாங்குபவரின் இலக்கம் விற்பவருக்குத் தெரிதல் வேண்டும். மேலே கூறிய கட்டணமில்லா இலக்கத்தின் நியாயமே இதுவும். இலக்கத்தைப் பெறும் தளங்களின் பட்டியலொன்று நுழைவாயிலில் இருக்கும். ஏனைய தளங்களுக்குச் செல்லும் கோரிக்கைகளிலிருந்து அவ்வரி அகற்றப்படும். திட்டம் இதுதான். எனவே வாடிக்கையாளரின் மறைவு முழுவதும் ஒரு பட்டியலிலே, அதனைப் பேணும் ஊழியரின் கவனத்திலே தங்கியிருந்தது. பட்டியல் பிழைத்தால் இலக்கம் உலகுக்கெல்லாம் செல்லும்.

பட்டியல்கள் பிழைத்தன. 2010இல் பேர்லின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொலின் மலினர் என்னும் ஆய்வாளர் இதனை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்து வெளியிட்டார். அவர் எவருடைய கணினியையும் உடைக்கவில்லை. தொலைபேசிகளில் இருந்து தம் சொந்தத் தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் தலைப்பு வரிகளைச் சேர்த்துவைத்து, வழக்கத்துக்கு மாறானவற்றைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். பல நாடுகளின் வாடிக்கையாளருடைய தொலைபேசி இலக்கங்களும், தொலைபேசி அட்டைக்குரிய சர்வதேச அடையாள எண்களும், கருவிக்குரிய எண்களும் அங்கே கிடந்தன. கேட்காமலே வந்து சேர்ந்த தகவல்கள் அவை. ஆய்வுலகம் இதனைப் படித்தது; கம்பனிகள் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பொதுமக்கள் இதனை அறிந்தது 2012 ஜனவரியிலேயே ஆகும். பிரித்தானியாவின் ஓ-2 கம்பனி வாடிக்கையாளர் ஒருவர், தொலைபேசி வழியாகப் பார்க்கும் எத்தளத்துக்கும் தம் இலக்கம் செல்வதனைக் கண்டு வெளியிட்டார். ஒரே நாளில் அது நாடளாவிய செய்தியாயிற்று. ஜனவரி 25ஆந் திகதி பிற்பகலில் கம்பனி அதனை நிறுத்தி மன்னிப்புக் கோரியது. கம்பனி அளித்த விளக்கம் கவனத்துக்குரியது. வயதைச் சரிபார்த்தல், கட்டண உள்ளடக்கத்துக்குப் பணம் அறவிடுதல் முதலிய தேவைகளுக்காக நம்பிக்கைக்குரிய பங்காளிகளுக்கு மட்டும் இலக்கத்தை வழங்குவது வழக்கம் என்றும், ஜனவரி 10ஆந் திகதி தொடக்கம் வழமையான பராமரிப்பு வேலையொன்றின் விளைவாக அது ஏனைய தளங்களுக்கும் சென்றுவிட்டது என்றும் கூறப்பட்டது. பதினைந்து நாள் தவறுக்கு மன்னிப்புக் கேட்கப்பட்டது. வழக்கத்துக்கு எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யார் அந்தப் பங்காளிகள், எத்தனை பேர் என்பதனைக் கேட்டவரும் குறைவு. தவறு எப்போதும் வழக்கத்தை மறைத்துவிடுகின்றது. ‘கசிவு’ என்னும் சொல்லை யாம் ஐயுறுவதற்கு இதுவே காரணமாகும்.

இலக்கம் செல்லக்கூடாது என்பதனைக் கம்பனிகள் இதன்பின் ஏற்றுக்கொண்டன எனலாம். ஆனால் இலக்கத்துக்குப் பதிலாக வேறொன்றை அனுப்பினால் என்ன? ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய கையடக்கத் தொலைபேசிக் கம்பனியாகிய வெரைசன், 2012 டிசெம்பர் அளவிலே தன் வாடிக்கையாளரின் குறியாக்கம் செய்யப்படாத இணையக் கோரிக்கைகளிலே ‘எக்ஸ்-யூஐடீஎச்’ என்ற புதிய தலைப்பு வரியைச் சேர்க்கத் தொடங்கியது. அதிலே பெயரோ இலக்கமோ இல்லை. எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட குறியொன்றே இருந்தது. விளம்பரம் செய்வோர் அக்குறியைக் கொண்டு கம்பனியிடம் சென்று, ‘இவர் எவ்வயதினர், எப்பொருளில் நாட்டமுடையவர்’ எனக் கேட்டறிந்து, ஏற்ற விளம்பரத்தைக் காட்டலாம் என்பது திட்டம்.

இங்கே இருபொருள் மாற்றங்கள் நிகழ்ந்தன. முன்னர் இலக்கம் சென்றது வாங்கிய பொருளுக்கு விலை அறவிடுவதற்காக. இப்போது குறி சென்றது வாடிக்கையாளரையே பொருளாக விற்பதற்காக. முன்னர் சில தளங்களுக்கு மட்டும் அனுப்புவது நோக்கம். இப்போது எல்லாத் தளங்களுக்கும் அனுப்புவதே நோக்கமாயிற்று. தவறு என்று முன்னர் கூறப்பட்டது இப்போது திட்டமாகிவிட்டது.

ஈராண்டுக் காலம் எவரும் இதனைக் காணவில்லை என்பது வியப்புக்குரியது. 2014 ஒக்டோபரில் கணினித்துறையினர் சிலர் இதனை எடுத்துக்காட்டிய பின்னரே கம்பனி வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. குறியினால் தீங்கில்லை, வேறு கம்பனிகள் அதனைக் கொண்டு வாடிக்கையாளரைப் பின்தொடர்தல் நிகழக்கூடியதன்று என்று சமாதானம் கூறப்பட்டது. அச்சமாதானம் மூன்று மாதமும் நிலைக்கவில்லை. 2015 ஜனவரியில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனதன் மேயர், ரேர்ன் என்னும் விளம்பரக் கம்பனி இக்குறியை எவ்வாறு பயன்படுத்துகின்றது எனக் காட்டினார். 1994இல் நெற்ஸ்கேப் கம்பனியில் உருவான ‘குக்கி’ என்னும் சிறு கோப்பை வாசகர் விரும்பிய நேரத்தில் அழித்துவிடலாம். தன் கருவியிலே தனக்குள்ள சிறு அதிகாரம் அது. ஒருவர் தம் குக்கிகளை அழித்துவிட்டு வந்தாலும், ரேர்ன் அவருடைய கோரிக்கையில் வெரைசன் எழுதிய குறியைப் பார்த்து, ‘இவர் பழையவரே’ என அறிந்து, அழித்த குக்கியை அதே எண்ணுடன் மீண்டும் வைத்தது. அமெரிக்கர் இதனைப் பிணக்குக்கி என்றழைத்தனர். எமது கிராமத்துப் பேய்க்கதைகளிலே செத்தவன் திரும்பி வருவதற்காவது ஒரு காரணம் இருக்கும்.

வாடிக்கையாளர் விலகிக்கொள்ள வழி இருந்ததாகக் கம்பனி கூறியது உண்மைதான். ஆனால் விலகியவருடைய தகவல்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது நின்றதேயன்றி, குறி செல்வது நிற்கவில்லை. குறியையே நிறுத்தும் வசதி 2015 வசந்தகாலத்திலேயே ஏற்பட்டது. சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு 2016 மார்ச் 7ஆந் திகதி இவ்விடயத்தை ஓர் இணக்கத்தால் முடித்துவைத்தது. தண்டம் 13 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். வெளியாருக்குக் குறியை வழங்குமுன் வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெறுதல் வேண்டுமென்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அதே கம்பனி ஏஓஎல் நிறுவனத்தை விலைக்கு வாங்கக் கொடுத்தது 440 கோடி டொலர். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பொருந்தும். ஏனெனில் அந்நிறுவனத்தின் விளம்பர வலையமைப்போடு இக்குறியை இணைப்பதும் கம்பனியின் திட்டமாக இருந்தது. ரேர்ன் கம்பனிமீது சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு கொண்டுவந்த குற்றச்சாட்டு 2016 டிசெம்பரில் இணக்கத்தில் முடிந்தது.

இது ஒரு நாட்டின் கதையன்று. அக்சஸ் என்னும் உரிமை அமைப்பு, தம் தொலைபேசிக் கம்பனி இவ்வாறு குறியிடுகின்றதா எனப் பொதுமக்களே சோதித்துப் பார்க்கும் தளமொன்றை அமைத்து, அதன் பெறுபேற்றை 2015 ஓகஸ்டில் வெளியிட்டது. சோதித்தவருள் 15.3 வீதத்தினர் குறியிடப்பட்டிருந்தனர். சோதித்தோர் தாமாக வந்தவர்களாதலின் இதனை உலக மக்கள் அனைவருக்கும் பொருந்தும் அளவாகக் கொள்ளலாகாது. எனினும் ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஸ்பெயின், நெதர்லாந்து, இந்தியா, சீனா, மெக்சிக்கோ, பெரு, வெனிசுவேலா, மொரோக்கோ எனப் பத்து நாடுகளில் இது காணப்பட்டமை போதிய சான்றாகும். இலக்கம் மறைக்கும் உரிமையை 1997இல் சட்டமாக்கிய ஐரோப்பாவைச் சேர்ந்த இரு நாடுகள் இப்பட்டியலில் இடம்பெறுவது ஈண்டு நோக்கற்பாலது.

சட்டம் என்ன செய்தது? ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 222ஆம் பிரிவு, வாடிக்கையாளரின் தகவல்களைக் காக்கும் கடமையைத் தொலைபேசிக் கம்பனிகள்மீது சுமத்தியிருந்தது. அது பேசும் அழைப்புக்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. இணைய வாசிப்புக்கும் தெளிவாகப் பொருந்தும் விதிகளை ஆணைக்குழு 2016 ஒக்டோபரில் இயற்றியது. ஆறு மாதம் செல்லுமுன்னரே அவை நீக்கப்பட்டன. செனற் சபை 50க்கு 48 என்ற வாக்குகளாலும் பிரதிநிதிகள் சபை 215க்கு 205 என்ற வாக்குகளாலும் நிறைவேற்றிய தீர்மானத்தில் 2017 ஏப்ரில் 3ஆந் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்டார். அந்நடைமுறையின்படி, நீக்கப்பட்ட விதிகளோடு பெரிதும் ஒத்த விதிகளைப் புதிய சட்டமொன்றின் அதிகாரமின்றி ஆணைக்குழு மீண்டும் இயற்றவும் முடியாது.

எனவே துளையை அடைத்தது சட்டமன்று. குறியாக்கம் செய்யப்பட்ட கோரிக்கையினுள் வழியிலுள்ளவர் புதிய வரி எதனையும் எழுத முடியாது. 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் அமெரிக்க அரசின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய பின்னர், இணையம் முழுவதையும் குறியாக்கத்துக்குள் கொண்டுவரும் முயற்சி வேகம் பெற்றது. 2015இன் இறுதியில் அதற்குத் தேவையான சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் ‘லெற்ஸ் என்கிரிப்ற்’ நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2018 ஜூலையிலிருந்து கூகிளின் குரோம் உலாவி, குறியாக்கமற்ற தளங்கள் யாவற்றையும் பாதுகாப்பற்றவை என அடையாளமிடலாயிற்று. தலைப்பு வரி எழுதுவதற்கு இடம் சுருங்கிவிட்டது. உளவு நிறுவனங்களுக்கு அஞ்சிக் கட்டிய மதில் தொலைபேசிக் கம்பனிகளையும் வெளியே நிறுத்தியது எனலாம். இதிலே கூகிளைப் புகழ்வதற்கு யாம் அவசரப்படவில்லை. விளம்பரத்தால் வாழும் ஒரு நிறுவனம், தன் போட்டியாளர் வாசகரின் தடத்தைப் பார்க்கும் வழியை அடைத்தமை தன்னலமும் பொதுநலமும் ஒருங்கே சென்ற நிகழ்ச்சியாகும்.

கம்பனிகளிடம் விற்பதற்கு வேறு பொருளும் இருந்தது. வாடிக்கையாளர் இருக்குமிடத்தைக் காட்டும் தகவல்கள் இடைத்தரகர் கைமாறிச் சிறைச்சாலைத் தொலைபேசிச் சேவைக் கம்பனியொன்று வரை சென்றமை 2018இல் வெளிவந்தது. அதன்பொருட்டு 2024 ஏப்ரிலில் நான்கு கம்பனிகளுக்கு ஏறத்தாழ 20 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2025இல் மூன்று மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் இதனை விசாரித்தன. ஏரீ அன்ட் ரீ கம்பனியின் தண்டத்தை ஒன்று நீக்கியது; வெரைசனுக்கும் ரீ-மொபைலுக்கும் விதிக்கப்பட்டவற்றை ஏனைய இரண்டும் உறுதிசெய்தன. ஒரே செயல், ஒரே சட்டம், வெவ்வேறு தீர்ப்புக்கள்.

ஐரோப்பாவிலே கதை மற்றொரு வடிவத்திலே தொடர்கின்றது. டொயிச் ரெலிகொம், ஒறேஞ், ரெலிபோனிக்கா, வொடபோன் ஆகிய நான்கு பெருங் கம்பனிகளும் கூட்டாக ஒரு நிறுவனத்தை அமைக்க ஐரோப்பிய ஆணைக்குழு 2023 பெப்ரவரியில் அனுமதி வழங்கியது. யூற்றிக் என்பது அதன் பெயர். வாசகர் ஒரு தளத்திலே சம்மதப் பொத்தானை அழுத்தியதும், அவருடைய இணைய முகவரி அவர்தம் தொலைபேசிக் கம்பனிக்கு அனுப்பப்படுகின்றது. கம்பனி அது எந்தச் சந்தாதாரருக்குரியது எனத் தன் பதிவேட்டிற் பார்த்து, அதிலிருந்து ஒரு குறியை ஆக்கி வழங்க, அக்குறியிலிருந்து விளம்பரத்துக்கான வேறு குறிகள் ஆக்கப்படுகின்றன. தொலைபேசி இலக்கம் தளத்துக்குச் செல்வதில்லை. கோரிக்கையிலே எந்த வரியும் எழுதப்படுவதில்லையாதலின், குறியாக்கம் இதற்குத் தடையாகாது.